சிக்னலில் நின்றால் ஏசி சூடாகிறது: கம்ப்ரெஸரை மாற்றுவதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். 7 வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். திண்டிவனம் தாண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது குளிர் தாங்காமல் ப்ளோயரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அதே கார் பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ நெரிசலில் நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெறும் காற்று வருகிறது, இன்னும் கொஞ்சம் நின்றால் சூடாகவே வருகிறது. வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை கேஸ் போட்டாயிற்று, மாற்றமில்லை. மூன்றாவதாகப் பார்த்தவர் கம்ப்ரெஸர் போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், பழுது அங்கேதான் இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் படித்துவிட்டு 22 வருடமாகக் கார் ஏசி வேலை மட்டும் பார்க்கிறவன் நான். இப்படி ஓடினால் குளிர்ந்து, நின்றால் சூடாகும் வண்டி வந்தால் முதலில் கண்டென்சரையும் அதற்குக் காற்று இழுக்கும் ஃபேனையும்தான் பார்ப்பேன். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டுவது அதற்கு அப்புறம். கம்ப்ரெஸர் பலவீனமாக இருந்தாலும் இதே அறிகுறி வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபேனைப் பார்க்காமல் கம்ப்ரெஸரைச் சொல்கிறவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

7 வருட வண்டி என்பதால் ஆர்-134ஏ கேஸ் என்று வைத்துக்கொள்கிறேன், பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் இந்த கேஸ் சுமார் 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே கொதித்து ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெஸர் அழுத்தி முன்னால் கிரில்லுக்குப் பின்னே இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே அழுத்தம் 230 பி.எஸ்.ஐ. இருந்தால் கேஸ் 60 டிகிரியில் திரவமாகும். வெளியே கத்திரி வெயிலில் 40 டிகிரி. இந்த 20 டிகிரி வித்தியாசத்தில்தான் சூடு வெளியே போகிறது, அதற்குக் கண்டென்சர் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 80-ல் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் செத்துக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நின்ற மறுநிமிடம் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. ஃபேன் ஓடாவிட்டால் கண்டென்சரில் சூடு தேங்கி அழுத்தம் 300, 350 என்று ஏறும், முழுதாகத் திரவமாக வேண்டிய கேஸ் பாதி ஆவியாகவே, அழுத்தத்தைக் குறைத்துக் கூலிங் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வரும், குளிர் போய்விடும். 450 பக்கம் போனால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரெஸரையே நிறுத்திவிடும். அப்புறம் வருவது வெறும் ப்ளோயர் காற்றுதான். நகர்ந்தவுடன் காற்று கிடைத்து, அழுத்தம் இறங்கி, மறுபடி குளிர்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அந்த 'இரண்டு மூன்று நிமிடம்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. சூடு தேங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். நின்ற சில நொடியிலேயே குளிர் அறுந்த மாதிரி போனால் நான் வேறு திசையில் யோசிப்பேன். இது ஒரு குறிப்புதான், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சரி, நீங்களே செய்யக்கூடியது என்ன? காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, எஞ்சினை ஆன் செய்து, ஏசி போட்டு ப்ளோயரை முழுதாக வையுங்கள். ஆறிய வண்டி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்கு ஃபேன் தேவையில்லை, ஆகவே ஃபேன் ஓடினால் அது ஏசிக்காகத்தான் ஓடுகிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். 'டக்' என்று, கம்ப்ரெஸரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கிற சத்தம் கேட்கும், பெரும்பாலான வண்டிகளில் அதோடு சேர்ந்தே ஃபேனும் சுற்ற ஆரம்பிக்கும். சில வண்டிகளில் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஃபேன் வரும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ரேடியேட்டருக்கு ஒன்று கண்டென்சருக்கு ஒன்று என இரண்டு ஃபேன் இருக்கிற வண்டியானால், ஏசி போட்டதும் இரண்டும் ஓட வேண்டுமா ஒன்று மட்டும்தானா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றுமே ஓடவில்லை என்றால் பழுது அகப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். கை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடும், சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் ஓடும்.

ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு செய்தித்தாளின் ஒரு தாளை எடுத்து வெளியிலிருந்து கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். நல்ல ஃபேன் தாளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. எங்கள் பட்டறைக்கு ஒரு டாக்ஸி வந்தது, இதே கதை, விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜில்லென்று இருக்கும், வாசலில் வரிசையில் நின்றால் பயணிகள் சத்தம் போடுவார்கள். ஃபேன் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, மோட்டார் புதியது, ஒரு மாதத்துக்கு முன்தான் வேறு எங்கோ மாற்றியிருக்கிறார்கள். நானும் அதைப் பார்த்துவிட்டு ஃபேன் சரி என்று நினைத்து கேஜ் மாட்டினேன், ஹை சைடு, அதாவது கண்டென்சர் பக்க அழுத்தம், 340-ஐத் தாண்டி நிற்கிறது. குழம்பிப்போய்த் தாளைப் பிடித்தால், தாள் ஒட்டவில்லை, என் முகத்தை நோக்கிப் பறந்தது, கூடவே எஞ்சின் சூடு அடித்தது. மோட்டார் மாற்றியவர் கனெக்டரில் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஃபேன் தலைகீழாகச் சுற்றி எஞ்சின் அறையின் வெப்பக்காற்றைக் கண்டென்சர் மேல் ஊதிக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று ஃபேனை வென்றுவிடும், நின்றால் ஃபேன் வெல்லும். இரண்டு ஒயரை இடம் மாற்றியதும் ஹை சைடு 220-க்கு வந்தது. அன்றிலிருந்து தாள் பிடிக்காமல் எந்த வண்டிக்கும் ஃபேன் சரி என்று நான் சொன்னதில்லை.

அடுத்தது தண்ணீர் சோதனை, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது இதுதான். மீன் தொட்டிக் கடையில் ஒயரோடு கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அதன் முனையை நடு வென்ட்டுக்குள் விடுங்கள். மதிய வெயிலில், ஜன்னல் எல்லாம் மூடி, காற்று உள்ளேயே சுழலும் பட்டனை அழுத்தி, ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் 10 நிமிடம் விடுங்கள். வென்ட் காற்று 24, 25 என்று ஏறி நிற்கும்போது, ஒரு வாளித் தண்ணீரை எடுத்து மக்கால் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், நீங்கள் உள்ளே தெர்மாமீட்டரைப் பாருங்கள். எஞ்சின் மேலும் ஃபேன் மோட்டார் மேலும் ஊற்ற வேண்டாம், முன்பக்கத்திலிருந்து கண்டென்சரில் மட்டும். முதல் மக் ஊற்றியதும் 'ஸ்ஸ்' என்று ஆவி வரும். மூன்றாவது நான்காவது மக்கில் எண் இறங்க ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் எட்டு பத்து டிகிரி குறைந்தால், உங்கள் கம்ப்ரெஸர் ஐடிலிலும் நன்றாகவே அழுத்துகிறது என்று அர்த்தம், பழுது சூட்டை வெளியேற்றும் பக்கத்தில்தான். தண்ணீர் ஊற்றியும் எண் அசையவில்லை என்றால் மூன்றாவது மெக்கானிக் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: கேஸ் அதிகமாகப் போட்டிருந்தாலும், உள்ளே காற்று கலந்திருந்தாலும் தண்ணீர் ஊற்றினால் குளிரும். அதனால் தண்ணீர் சோதனை எந்தப் பக்கம் என்று காட்டும், எந்த உறுப்பு என்று காட்டாது.

ஃபேன் ஓடாததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே கருகியிருக்கலாம், கனெக்டர் உருகியிருக்கலாம். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் குறைந்த வேகத்துக்கு ஒரு ரெஸிஸ்டர் இருக்கும், அது அறுந்துவிட்டால் ஏசி போட்டாலும் ஃபேன் வராது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முழு வேகத்தில் மட்டும் வரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், 'ஃபேன் ஓடுதே, நான் பார்த்தேனே' என்பார்கள். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் இன்னும் குழப்பம், காலையில் ஓடும், சூட்டில் நின்றுவிடும். ஃபேன் நின்றிருக்கும்போது மோட்டார் பின்பக்கத்தை ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுவோம், உடனே சுற்ற ஆரம்பித்தால் பிரஷ் முடிந்துவிட்டது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லுங்கள், விரல் போகும் வேலை. சுற்றுகிறது ஆனால் மந்தமாகச் சுற்றுகிறது என்றால் ஃபேன் கனெக்டரில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். முழு வேகத்தில் பேட்டரி வோல்ட்டைவிட ஓரிரு வோல்ட் குறைந்தால் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு, வோல்ட் சரியாக இருந்தும் மந்தம் என்றால் மோட்டார்தான். ஐடிலில் ஆல்டர்னேட்டரே சரியாகச் சார்ஜ் கொடுக்காத வண்டிகளிலும் ஃபேன் சோம்பும், ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கும், கவனித்துப் பாருங்கள்.

ஃபேன் நன்றாக இழுக்கிறது, ஆனாலும் நின்றால் சூடு என்றால் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். முன்னால் சுத்தமாகத் தெரியும், அழுக்கு இருப்பது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், பூச்சி, சருகு, நெல் அறுவடைக் காலத்தில் பறக்கும் தூசு எல்லாம் அங்கே போய்ப் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். அதைக் கழுவும்போது சர்வீஸ் ஸ்டேஷனில் இருக்கும் வேகமான கன்னைக் கிட்டக் கொண்டுபோய் அடிக்கக்கூடாது, மெல்லிய தகடுகளான ஃபின் எல்லாம் மடிந்து இருக்கிற காற்றும் அடைத்துவிடும். சாதாரண ஹோஸ், முடிந்தால் உள்ளிருந்து வெளியே. கடற்கரைப் பக்கம் வண்டி நிற்கிறதென்றால் இன்னொரு சங்கதி. ஈ.சி.ஆர்., தூத்துக்குடிப் பக்க வண்டிகளில் உப்புக்காற்றில் அலுமினிய ஃபின் வெள்ளைப் பொடியாகி டியூபை விட்டுக் கழன்றிருக்கும். விரலால் தடவினால் கொட்டும். கேஸ் கசிவு இருக்காது, அழுக்கும் இருக்காது, ஆனால் டியூபில் இருக்கும் சூடு ஃபின்னுக்கு வரவே வராது. ஓடும்போது சமாளிக்கும், நின்றால் முடியாது. அந்தக் கண்டென்சரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

முன்பக்கம் எப்போதாவது இடித்து பம்பர் கழற்றி மாட்டினீர்களா? கண்டென்சரின் ஓரங்களிலும் மேலேயும் கறுப்பு ஃபோம் பட்டையோ ரப்பர் தகடோ இருக்கும், ஃபேனைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூண்டு இருக்கும். டிங்கரிங் முடித்து மாட்டும்போது இவற்றை விட்டுவிடுவார்கள், பார்க்க ஒன்றும் குறையாது. ஆனால் நின்றிருக்கும்போது ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று ஓரத்து இடைவெளி வழியாக முன்னால் வந்து மறுபடி கண்டென்சருக்குள் நுழையும். வெளியே 38 டிகிரி என்றால் கண்டென்சர் பார்ப்பது 55 டிகிரியாக இருக்கும். இதற்கு ஃபோம் பட்டை ஒட்டுவதைத் தவிர ஒரு செலவும் இல்லை, ஆனால் இதைத் தேடுகிறவர்கள் குறைவு.

இப்போது கேஸ் விஷயம், இதில்தான் எனக்கு உங்கள் மேல் உண்மையான கவலை. பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரெஸர் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் இரண்டு முறை போட்டார்கள் என்றால், ஒன்று எங்கோ நல்ல கசிவு இருக்கிறது, அதைத் தேடாமல் ஊற்றியிருக்கிறார்கள். அல்லது கேஸ் குறையவே இல்லை, இருந்ததன் மேல் ஊற்றியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் இன்னும் நன்றாகக் குளிர்கிறது என்று எழுதியிருப்பதால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், இது என் ஊகம்தான். சின்ன கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள்தான் கேஸ், சரியான அளவு ஸ்டிக்கரில் கிராமில் எழுதியிருக்கும். அதில் 100 கிராம் கூடினால் கண்டென்சரின் அடிப்பகுதி திரவத்தால் நிரம்பி, சூடு போக்கும் இடம் குறைந்து, ஐடிலில் அழுத்தம் எகிறும். ஃபேன் பலவீனத்தோடு தொடங்கிய பழுது கேஸ் போட்டதால் இன்னும் மோசமாகியிருக்கலாம். போதாக்குறைக்கு, கேனிலிருந்து டாப்-அப் செய்யும்போது ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்றாமல் திறந்தால் அதுவும் உள்ளே போகும். காற்று கண்டென்சரில் திரவமாகாது, மேலே தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

காற்று கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினை ஆன் செய்யாமல் காலையில் கேஜ் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். சுத்தமான ஆர்-134ஏ-வாக இருந்தால் 30 டிகிரியில் அது 97 பி.எஸ்.ஐ. பக்கம், 35 டிகிரியில் 114 பக்கம் இருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாக அதிகமென்றால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. ஆனால் சரியான எண் வந்தால் கேஸ் அளவு சரி என்று அர்த்தமில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை 200 கிராமுக்கும் 600 கிராமுக்கும் நின்ற வண்டியில் ஒரே அழுத்தம்தான் காட்டும். அளவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இருப்பதை முழுதாக மெஷினில் இழுத்தெடுத்து, குறைந்தது அரை மணி நேரம் பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் போட்டு, வேக்கம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள கிராமை எடை வைத்து ஏற்றுவது. காற்றில் திறந்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்த கேஸ் ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் சமம், தவிர எவ்வளவு இருந்தது என்ற தடயமும் போய்விடும்.

சரி, கம்ப்ரெஸர். உள்ளே தேய்ந்த கம்ப்ரெஸர் ஐடிலில், அதாவது 700, 800 ஆர்.பி.எம்.மில், போதுமான கேஸை நகர்த்தாது. 1,500, 2,000-க்கு ஏற்றினால் தேய்மானத்தை அந்த வேகமே ஈடுகட்டிவிடும். அதனால்தான் பலரும் நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் உடனே குளிர்ந்தால் கம்ப்ரெஸர் பக்கம் சந்தேகம் கூடும், எலக்ட்ரிக் ஃபேன் வண்டியில் நின்றபடி ஆக்சிலரேட்டர் கொடுப்பதால் கண்டென்சருக்குக் காற்று பெரிதாகக் கூடுவதில்லையே. ஆனால் கேஸ் குறைவாக இருந்தாலும், பெல்ட் வழுக்கினாலும், ஐடிலில் சார்ஜ் இல்லாமல் ஃபேன் சோம்பினாலும் இதே மாதிரி குளிரும். அதனால் இந்தச் சோதனையை நான் பாதிதான் நம்புவேன். கேஜில் வரும் வித்தியாசத்தைத்தான் முழுதாக நம்புவேன்: வெளியே 35 டிகிரியில் ஐடிலில் லோ சைடு, அதாவது கூலிங் காயில் பக்கம், 30, 40, ஹை சைடு 210-லிருந்து 240 என்றால் நலம். இரண்டும் சேர்ந்து ஏறி, லோ 55, ஹை 320 என்று நின்றால் சூடு வெளியே போகவில்லை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் பெரும்பாலும் கேஸ் குறைவு. லோ 65, 70 என்று ஏறி, ஹை 150-க்கு இறங்கி, இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கினால்தான் கம்ப்ரெஸர் அழுத்தவில்லை. இந்தக் கடைசிப் படத்தை உங்கள் கண்ணால் கேஜில் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். அதிலும் வால்வு வைத்து அளவு மாறும் கம்ப்ரெஸர்களில் கன்ட்ரோல் வால்வு மட்டும் போயிருந்தாலும் இதே படம் வரும், அதைத் தனியாக மாற்றலாம், எல்லா மாடலிலும் உதிரி கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கிளட்ச் பற்றியும் சொல்ல வேண்டும். மேக்னடிக் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். தேய்ந்து அது விரிந்தால், எஞ்சின் அறை சூடானதும் காயிலின் இழுப்பு குறைந்து தட்டு விட்டுவிடும். நின்ற நெரிசலில் எஞ்சின் அறை நன்றாக வேகும், அப்போது விடும், ஓடி ஆறியதும் பிடிக்கும். உங்கள் அறிகுறியோடு பொருந்துகிறது இல்லையா? குளிர் போன அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து, எட்ட நின்று, புல்லியின் நடுத்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறதா, புல்லி மட்டும் சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நடுத்தட்டு நின்றிருந்தால், கிளட்ச் காயிலுக்குக் கரன்ட் வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கரன்ட் வந்தும் பிடிக்கவில்லை என்றால் பல மாடல்களில் உள்ளே இருக்கும் ஷிம் தகடு ஒன்றை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தாலே போதும், முழுக் கம்ப்ரெஸர் தேவையில்லை. கரன்ட் வரவில்லை என்றால் நிறுத்தியது வேறு யாரோ: பிரஷர் சுவிட்ச், அல்லது எஞ்சின் கம்ப்யூட்டர். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் கம்ப்யூட்டர் முதலில் ஏசியைத்தான் வெட்டும், அதனால் நெரிசலில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஏசியை மறந்துவிட்டு முதலில் கூலன்ட்டையும் ஃபேனையும் பார்க்க வேண்டும், ஹெட் கேஸ்கெட் போனால் அது இதைவிடப் பெரிய செலவு. த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஐடில் இறங்கி எஞ்சின் திணறினாலும் சில வண்டிகளில் ஏசி வெட்டும், ஏசி போட்டதும் ஆர்.பி.எம். சற்று ஏற வேண்டும், இறங்கி நடுங்கக்கூடாது.

உங்கள் வண்டியில் சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் வசதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், எஞ்சின் நிற்கும்போது பெல்ட்டில் ஓடும் கம்ப்ரெஸரும் நிற்கும், ப்ளோயர் மட்டும் ஓடும், சூடாகத்தான் செய்யும். அதில் பழுதில்லை, 'ஏ' எழுத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட பட்டனை அழுத்தி அந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்ன எஞ்சின் வண்டியில், மே மாத மதியத்தில், பேருந்துக்குப் பின்னால் ஐடிலில் நின்றால் எல்லாம் சரியாக இருந்தாலும் வென்ட் காற்று நான்கைந்து டிகிரி ஏறத்தான் செய்யும். ஓடும்போது 8 டிகிரி வந்தது நின்றால் 12, 13 ஆனால் அதைத் துரத்திக்கொண்டு செலவு செய்யாதீர்கள். 20-ஐத் தாண்டினால்தான் பழுது என்பேன். நெரிசலில் வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்திருந்தால் முன்னால் நிற்கும் லாரியின் சூடும் புகையும் சேர்ந்து உள்ளே வரும், உட்சுழற்சியில் வையுங்கள்.

கம்ப்ரெஸர் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. ஃபேன் பழுதை வைத்துக்கொண்டே புதுக் கம்ப்ரெஸர் போட்டால், அதுவும் ஒவ்வொரு சிக்னலிலும் 350 அழுத்தத்துக்கு எதிராக உழைத்து, ஆயில் சூடாகி, ஓரிரு கோடையில் போய்விடும், இதைப் பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடைந்த கம்ப்ரெஸர் அலுமினியத் துகளைக் கண்டென்சருக்குள் அனுப்பிவிட்டால், இன்றைய கண்டென்சர்களின் முடி போன்ற துவாரங்களைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, அதையும், கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உண்மையிலேயே உங்கள் கம்ப்ரெஸர்தான் என்று முடிவானால்கூட, ஃபேன் தாளை இழுக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, டிரையரையும் மாற்றி, கம்ப்ரெஸருக்கான சரியான பி.ஏ.ஜி. ஆயிலை அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

சோதனை எல்லாம் திறந்த வெளியில்தான். மூடிய கராஜிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மயக்கம் வருவதே தெரியாது. ஏசி சரியான பிறகும் நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு தூங்கும் வழக்கம் வேண்டாம். கேஸ் பைப் எதையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், கசியும் திரவம் கண்ணில் பட்டால் அந்த நொடியே பட்ட இடம் உறையும்.

இவ்வளவு தூரத்திலிருந்து, கேஜ் மாட்டாமல், உங்கள் வண்டியில் இதுதான் பழுது என்று சொல்வது முறையல்ல, நான் சொல்லவும் மாட்டேன். நாளைக் காலையில் ஃபேனையும் தாளையும் பாருங்கள், மதியம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஃபேன் எப்போது வந்தது, தாள் ஒட்டியதா, தண்ணீருக்கு முன்னும் பின்னும் வென்ட்டில் எத்தனை டிகிரி, குளிர் போனபோது கிளட்ச் தட்டு சுற்றியதா, இந்த நான்கையும் வண்டி மாடலோடு எழுதுங்கள். அதற்குள் கம்ப்ரெஸருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.